அந்தரங்கத்தைக் காக்கும் மடிக்கணினி வருமா?

2024-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி அமெரிக்காவில் ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. வெளியிட்டது மைக்ரோசாப்ட் கம்பெனி. "விண்டோஸ்" என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உலகில் உள்ள மேஜைக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் பெரும்பாலானவை விண்டோசில்தான் ஓடுகின்றன. அந்த விண்டோசைச் செய்யும் கம்பெனி இது.

அறிவிப்பு என்ன?

இனி வரும் ஒரு புது ரக மடிக்கணினியில் "ரீகால்" என்ற வசதி இருக்கும். திரையில் தெரிவதைச் சில வினாடிகளுக்கு ஒரு முறை அது படம் பிடித்து வைத்துக்கொள்ளும். முன்பு பார்த்தது எதுவானாலும் பிறகு தேடி எடுத்துக் கொடுக்கும்.

கேட்பதற்கு நல்ல வசதிதான். போன மாதம் பார்த்த ஒரு புடவையின் படம் எங்கே போயிற்று என்று தேடி அலைய வேண்டியது இல்லை. கணினியே எடுத்துக் கொடுத்துவிடும்.

ஆனால் மக்கள் திடுக்கிட்டார்கள். ஏன்?

திரையில் புடவை மட்டுமா தெரிகிறது? பாங்கிக் கணக்கு தெரிகிறது. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டு தெரிகிறது. மகளுக்கு எழுதும் கடிதம் தெரிகிறது. எல்லாவற்றையும் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டே இருந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

"அந்தப் படங்கள் உங்கள் கணினியிலேயே இருக்கும், எங்களுக்கு வராது" என்பது கம்பெனியின் சமாதானம். ஆனால், பாதுகாப்பு நிபுணர்கள் சோதித்துப் பார்த்தார்கள். படங்களில் இருந்து எடுத்துச் சேர்த்து வைத்த எழுத்துகள் பூட்டு இல்லாமல் கிடந்தன. கணினிக்குள் நுழைந்த ஒரு திருட்டு நிரல் அவற்றை அப்படியே அள்ளிக்கொண்டு போக முடியும்!

எதிர்ப்பு பலமாகக் கிளம்பிற்று. கம்பெனி திட்டத்தை ஒத்திவைத்தது. பூட்டுகளைப் பலப்படுத்தி, 2025-ம் ஆண்டு ஏப்ரலில்தான் வெளியிட்டது. அதுவும், வேண்டும் என்று சொந்தக்காரரே முடுக்கினால்தான் ரீகால் வேலை செய்யும் என்ற நிபந்தனையோடு.

இந்த விவகாரம் ஒரு பெரிய கேள்வியைக் கிளப்பிவிட்டது. மடிக்கணினிக்கு எஜமான் யார்? காசு கொடுத்து வாங்கியவரா? செய்து விற்றவரா?

"வாங்கியவர்தான் எஜமானாக இருக்கவேண்டும். அதற்கு ஒரு வழி உண்டு. செல்போனை இயக்கும் திறந்த இயங்குதளத்தை மடிக்கணினிக்கும் கொண்டுவாருங்கள்" என்று ஒரு சாரார் சொல்லுகிறார்கள்.

அது என்ன வழி? நடக்கக்கூடியதுதானா? பார்ப்போம்.

இயங்குதளம் என்றால் என்ன?

மடிக்கணினி வெறும் யந்திரம். அதற்கு உயிர் கொடுப்பது ஒரு பெரிய நிரல். நிரல் என்றால், யந்திரம் என்ன செய்யவேண்டும் என்று வரிசையாக எழுதி வைத்த கட்டளைகள். அந்தப் பெரிய நிரலுக்குத்தான் இயங்குதளம் என்று பெயர்.

கணினியில் எது நடந்தாலும் இயங்குதளத்தின் அனுமதியோடுதான் நடக்கும். காமிராவைத் திறந்துவிடுவது அது. மைக்கைத் திறந்துவிடுவது அது. காகிதங்களை எடுத்துக் கொடுப்பதும் அதுதான். வீட்டுக்குச் சாவிக்கொத்து எப்படியோ, கணினிக்கு இயங்குதளம் அப்படி.

மடிக்கணினிகளில் விண்டோஸ், ஆப்பிள் கம்பெனியின் மேக், லினக்ஸ் ஆகியவை ஓடுகின்றன. செல்போன்களில் ஓடுபவை பெரும்பாலும் இரண்டே. ஒன்று கூகுள் கம்பெனியின் ஆண்ட்ராய்டு. மற்றொன்று ஐபோனில் உள்ள ஆப்பிளின் இயங்குதளம்.

ஒரே கூடமும் ஒண்டுக்குடித்தனமும்

மடிக்கணினி இயங்குதளங்களின் அமைப்பு மிகவும் பழையது. அவை வகுக்கப்பட்ட காலத்தில் ஒரு கணினியில் ஏதோ சில நிரல்கள்தான் இருக்கும். அவையும் நம்பிக்கையான இடத்தில் இருந்து வந்தவை. ஆகவே, எல்லா நிரல்களையும் ஒரே கூடத்தில் விட்டுவிட்டார்கள். சுவர் இல்லை. கதவு இல்லை.

இதனால் என்ன ஆபத்து? பாட்டுக் கேட்பதற்காக ஒரு நிரலைப் போடுகிறீர்கள். உங்கள் பாங்கிக் காகிதங்களையும் அது திறந்து படிக்கலாம். குழந்தையின் போட்டோவையும் எடுக்கலாம். சமீப காலத்தில் மடிக்கணினிகளிலும் சில தட்டிகளை வைத்து மறைத்திருக்கிறார்கள். ஆனாலும், அடிப்படையில் அது ஒரே கூடம்தான்.

செல்போன் பின்னால் வந்தது. முன்னவர்களின் அனுபவம் அதற்குக் கைகொடுத்தது. அது ஒண்டுக்குடித்தன வீடு மாதிரி. ஒரே கட்டிடம்தான். ஆனால், ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனித் தனி அறை. தனித் தனிப் பூட்டு. அடுத்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று யாரும் எட்டிப் பார்க்க முடியாது.

2015-ம் ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 6-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஒரு செயலிக்குக் காமிரா வேண்டுமானால், வேண்டும்போது உங்களைக் கேட்கவேண்டும். மைக் வேண்டுமானாலும் கேட்கவேண்டும். நீங்கள் "கூடாது" என்றால் கூடாதுதான்.

ஆகவே, சுவர் விஷயத்தில் மடிக்கணினியை விடச் செல்போன்தான் பத்திரமானது. பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

வீட்டுக்காரரின் மாற்றுச் சாவி

"அப்படியானால், செல்போன்தான் வேவு பார்க்கிறது என்று எல்லோரும் சொல்லுகிறார்களே?" என்று நீங்கள் கேட்கலாம்.

நியாயமான கேள்வி. குடித்தனக்காரர்கள் ஒருவர் அறைக்குள் ஒருவர் நுழைய முடியாது. ஆனால் வீட்டுக்காரர்? அவர் கையில் மாற்றுச் சாவி இருக்கிறதே!

கடையில் விற்கும் ஆண்ட்ராய்டு போன்களில், கூகுள் கம்பெனியின் சொந்த நிரல்களும் சேர்ந்தே வருகின்றன. மற்ற செயலிகளுக்கு இல்லாத விசேஷ அதிகாரம் அவற்றுக்கு உண்டு. கூகுளின் முக்கிய வருமானம் விளம்பரம். யாருக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்தால், விளம்பரத்துக்கு விலை அதிகம். ஆகவே, தகவல் சேகரிப்பது அந்தக் கம்பெனியின் தொழிலோடு ஒட்டியது.

இதற்கு மாற்று உண்டா? உண்டு.

ஆண்ட்ராய்டின் அடிப்படைப் பகுதியைக் கூகுள் பகிரங்கமாக வெளியிடுகிறது. யார் வேண்டுமானாலும் அதை எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். அப்படி எடுத்துத் திருத்தியவர்களில் முக்கியமானவர்கள் "கிராபீன் ஓ.எஸ்." என்ற குழுவினர். 2014-ம் ஆண்டு வேறு பெயரில் தொடங்கிய வேலை இது. 2019-ல் இந்தப் பெயர் வந்தது. கனடாவில் பதிவான, லாப நோக்கம் இல்லாத ஓர் அறக்கட்டளை இதை நடத்துகிறது.

அவர்கள் சுவர்களை இன்னும் தடிமனாக்கினார்கள். கூகுளின் சொந்த நிரல்களை எடுத்துவிட்டார்கள். யாருக்காவது அவை தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளலாம். ஆனால், விசேஷ அதிகாரம் கிடையாது. மற்றச் செயலிகளைப் போல அவையும் ஓர் அறைக்குள் அடங்கி இருக்கவேண்டும். வீட்டுக்காரர் ஒண்டுக்குடித்தனக்காரர் ஆகிவிட்டார்!

பிரான்சு நாட்டில் கேல் டுவால் என்பவர் தொடங்கிய "ஈ ஓ.எஸ்.", 2016-ல் தோன்றிய "லினியேஜ் ஓ.எஸ்." ஆகியவையும் இதே வகையில் ஆண்ட்ராய்டில் இருந்து கிளைத்தவை.

இவை எல்லாம் செல்போனுக்கு. கணக்கு எழுதுவது, பரீட்சைக்குப் படிப்பது, வழக்கு நகல் தயாரிப்பது எல்லாம் மடிக்கணினியில் அல்லவா நடக்கின்றன? ஆகவேதான், "இதே வீட்டை மடிக்கணினியிலும் கட்டுங்கள்" என்று கேட்கிறார்கள்.

திறந்த மூலம்

இங்கே ஒரு சொல்லை விளக்கவேண்டும். "திறந்த மூலம்" என்கிறார்களே, அது என்ன?

ஒரு வைத்தியர் சூரணம் கொடுக்கிறார். என்ன சரக்கு சேர்த்தார் என்று சொல்லமாட்டேன் என்கிறார். மற்றொருவர், சரக்குகளின் பெயரையும் எடையையும் எழுதியே கொடுக்கிறார். இரண்டாமவர் மருந்தை வேறு ஒரு வைத்தியரிடம் காட்டி விசாரிக்கலாம் அல்லவா? கணினி நிரலிலும் அப்படித்தான். எழுதிய கட்டளைகளை எல்லோரும் படித்துப் பார்க்கும்படி வெளியிட்டால், அது திறந்த மூலம்.

1991-ல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில், லினஸ் டார்வால்ட்ஸ் என்ற மாணவர் "லினக்ஸ்" என்ற நிரலை எழுதி வெளியிட்டார். உலகம் எங்கும் உள்ளவர்கள் அதைத் திருத்தி வளர்த்தார்கள். 2008-ல் ஆண்ட்ராய்டு போன் முதன் முதலில் விற்பனைக்கு வந்தபோது, அதன் அடித்தளமாக இருந்ததும் லினக்ஸ்தான்.

நீங்களும் நானும் அந்தக் கட்டளைகளைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாதுதான். ஆனால், படிக்கத் தெரிந்த பல பேர் படிப்பார்கள். கள்ளக் கதவு இருந்தால், யாராவது ஒருவர் கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு.

போலீசார் விற்ற போன்!

திறந்த மூலம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம்.

"ஆனோம்" என்று ஒரு செல்போன். "இதில் அனுப்பும் செய்தியை யாராலும் படிக்க முடியாது" என்று இரகசியமாக விற்றார்கள். கணக்குப் போடும் செயலி மாதிரி வெளியே தெரியும். உள்ளே இரகசியச் செய்தி அனுப்பும் வசதி. போதைப்பொருள் கடத்துகிறவர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். 100-க்கு மேற்பட்ட நாடுகளில் சுமார் 12 ஆயிரம் போன்கள் புழங்கின.

2021-ம் ஆண்டு ஜூன் மாதம் 8-ந் தேதி குட்டு வெளிப்பட்டது. அந்தப் போனை நடத்தியதே அமெரிக்காவின் எப்.பி.ஐ. போலீசார்தான்! ஆஸ்திரேலியப் போலீசாரும் உடந்தை. 2 கோடியே 70 லட்சம் செய்திகள் போலீசார் கைக்குப் போயிருந்தன. 800-க்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள்.

குற்றவாளிகள் பிடிபட்டது நல்லதுதான். ஆனால், இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. "அந்தரங்கம் காக்கும் போன்", "அந்தரங்கம் காக்கும் மடிக்கணினி" என்று பெட்டியின் மேல் அச்சடித்திருந்தால் மட்டும் போதாது. உள்ளே இருப்பதை வேறு ஒருவர் சோதித்துப் பார்க்க முடியவேண்டும். முடியாது என்றால், அந்த விளம்பரத்தை நம்பக்கூடாது.

தப்பு செய்யாதவருக்கு எதற்கு?

"நான் ஒரு தப்பும் செய்யவில்லை. எனக்கு எதற்கு அந்தரங்கம்?" என்று சிலர் கேட்கிறார்கள்.

பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம். அந்த விஷயத்தைத் தபால் கார்டில் எழுதுவோமா? உறையில் போட்டு, ஒட்டித்தான் அனுப்புவோம். அதில் தப்பு ஏதும் இல்லை. ஊர் படிக்கவேண்டிய விஷயம் இல்லை, அவ்வளவுதான்.

2013-ம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் எட்வர்டு ஸ்னோடன் சில இரகசியத் தஸ்தாவேஜுகளைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். அமெரிக்க உளவு இலாகா, குற்றம் செய்யாத சாதாரண மக்களின் டெலிபோன் விவரங்களையும் மூட்டை மூட்டையாகச் சேர்த்து வந்தது அதில் தெரிந்தது. அதன் பிறகுதான், அந்தரங்கம் காக்கும் கணினி வேண்டும் என்ற பேச்சு பலமாயிற்று.

தவறிய முயற்சிகள்

செல்போனையும் மடிக்கணினியையும் ஒன்றாக்கும் யோசனை புதிது அல்ல.

2011-ல் மோட்டோரோலா கம்பெனி "ஏட்ரிக்ஸ்" என்ற ஆண்ட்ராய்டு போனை வெளியிட்டது. அதோடு, திரையும் தட்டச்சுப் பலகையும் மட்டும் உள்ள ஒரு மடிக்கணினிக் கூடு. போனை அதில் செருகினால் மடிக்கணினி மாதிரி வேலை செய்யும். யோசனை நல்லது. வேகம் போதவில்லை, விலையோ அதிகம். சீக்கிரமே கைவிட்டார்கள்.

2013-ல் "உபுண்டு" லினக்சை நடத்தும் கனானிக்கல் கம்பெனி, போனாகவும் கணினியாகவும் உதவும் ஒரு கருவிக்கு மக்களிடம் பணம் திரட்டியது. கேட்டது 3 கோடியே 20 லட்சம் டாலர். சேர்ந்தது சுமார் 1 கோடியே 28 லட்சம் டாலர். இலக்கு எட்டாததால் கருவி வரவே இல்லை. 2017-ல் அந்தக் கம்பெனி செல்போன் வேலையையே விட்டுவிட்டது. ஆர்வலர்கள் சிலர் அதை எடுத்து நடத்தினார்கள்.

"ஜைட்" என்ற கம்பெனி, ஆண்ட்ராய்டைக் கணினிக்கு ஏற்றபடி திருத்தி "ரீமிக்ஸ் ஓ.எஸ்." என்று கொடுத்தது. 2017-ல் அதுவும் நின்றது.

அந்தரங்கத்தையே முன்வைத்து வந்தது "பியூரிசம்" என்ற அமெரிக்கக் கம்பெனி. அதன் மடிக்கணினியில், காமிராவையும் மைக்கையும் மின்சாரமே போகாமல் நிறுத்தும் சுவிட்சு உண்டு. விளக்கை அணைப்பது போல அணைக்கலாம். எந்தத் திருட்டு நிரலும் அதை வெளியில் இருந்து போட முடியாது. மடிக்கணினியிலும் செல்போனிலும் ஒரே லினக்ஸ் இயங்குதளம் ஓடவேண்டும் என்பது அதன் நோக்கம். 2017-ல் மக்களிடம் 20 லட்சம் டாலருக்கு மேல் திரட்டி, 2019 ஜனவரியில் போன் தருவதாகச் சொன்னது. பெரிய அளவில் அனுப்பத் தொடங்கியது 2020 நவம்பரில்! பணம் கட்டியவர்கள் காத்துக் காத்துச் சலித்துப்போனார்கள்.

இவை எல்லாம் ஏன் தவறின? காரணம் பெரும்பாலும் ஒன்றே. இயங்குதளத்தைச் செய்துவிடலாம். ஆனால், மக்களுக்குத் தினமும் தேவையான செயலிகள் அதில் வேலை செய்யவேண்டும். செயலி இல்லாததால் ஆள் வரவில்லை. ஆள் இல்லாததால் செயலி வரவில்லை.

இப்போது என்ன மாறிற்று?

இப்போது பெரிய கம்பெனிகளே இந்தப் பாதையில் வருகின்றன.

சீனாவின் ஹுவாவே கம்பெனி மீது 2019-ல் அமெரிக்கா தடை போட்டது. கூகுளின் நிரல்கள் அதன் புதுப் போன்களுக்குக் கிடைக்கவில்லை. அது "ஹார்மனி" என்று சொந்த இயங்குதளத்தைச் செய்தது. 2025-ம் ஆண்டு மே மாதத்தில், அதே இயங்குதளத்தில் ஓடும் மடிக்கணினியையும் வெளியிட்டது. இது அந்தரங்கத்துக்காக எழுந்த முயற்சி அல்ல. அமெரிக்கா கதவை அடைத்ததால் எழுந்தது. ஆனால், செல்போனில் ஓடும் இயங்குதளம் மடிக்கணினியிலும் ஓடும் என்பது இதனால் நிச்சயமாயிற்று.

அதே ஆண்டு செப்டம்பரில், போனுக்கும் கணினிக்கும் பொதுவான ஓர் அடித்தளத்தை உருவாக்கி வருவதாகக் கூகுள் அதிகாரி ரிக் ஆஸ்டர்லோ அறிவித்தார். செல்போன் சில்லுகள் செய்யும் குவால்காம் கம்பெனியும் கூட்டு. 2011 முதல் கூகுள் "குரோம்புக்" என்ற மடிக்கணினிகளை வேறு இயங்குதளத்தில் நடத்தி வந்தது. இனி ஆண்ட்ராய்டும் அதுவும் ஒன்று சேரும் என்பது திட்டம்.

"அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததே!" என்று சொல்லிவிட முடியாது. அறை உள்ள வீடு வரும். ஆனால், மாற்றுச் சாவி கூகுளிடம்தான் இருக்கும். சாவி இல்லாத வீட்டை வேறு யாராவது கட்டவேண்டும்.

மூன்று முட்டுக்கட்டைகள்

முதல் முட்டுக்கட்டை, யந்திரம். கிராபீன் குழுவினர் பல ஆண்டுகளாகக் கூகுளின் "பிக்சல்" போன்களுக்கு மட்டுமே வேலை செய்து வந்தார்கள். கூகுளில் இருந்து தப்ப, கூகுளின் போனையே வாங்கவேண்டும்! வேடிக்கைதான். ஆனால் காரணம் இருக்கிறது. பூட்டுக்கென்றே தனிச் சில்லு பிக்சலில் உண்டு. சொந்தக்காரர் இயங்குதளத்தை மாற்றிவிட்டு, மீண்டும் பூட்டிக்கொள்ளலாம். 2023-ல் வந்த பிக்சல் 8 முதல், 7 ஆண்டுகளுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்ற உறுதியும் உண்டு.

மடிக்கணினிகளில் இவை எல்லாம் ஒன்றாகக் கிடைப்பது அரிது. பல தொழிற்சாலைகளின் பாகங்களைச் சேர்த்து மடிக்கணினி செய்கிறார்கள். பாகத்துக்குப் பாகம் உள்ளே ஒரு மூடிய நிரல். இன்டல் கம்பெனியின் சில்லுகளில், சுமார் 2008 முதல், சில்லுக்குள் ஒரு குட்டிக் கணினியே தனியாக ஓடுகிறது. அதன் கட்டளைகள் பகிரங்கம் அல்ல. மேலே எவ்வளவு நல்ல இயங்குதளத்தைப் போட்டாலும், கீழே இருப்பது மூடிய பெட்டி.

இரண்டாவது, பாங்கிச் செயலிகள். போன் கூகுளின் அங்கீகாரம் பெற்றதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அங்கீகாரம் இல்லாவிட்டால், சில பாங்கிகளின் செயலிகள் திறக்க மறுக்கின்றன. பூட்டு பலமாக இருந்தாலும் பயன் இல்லை. முத்திரை இல்லையே என்று திருப்பிவிடுகிறார்கள்.

மூன்றாவதுதான் மிகவும் பெரியது. கூகுளின் பிடி இறுகி வருகிறது. 2025 மார்ச்சில், ஆண்ட்ராய்டு வேலை முழுவதும் இனித் தன் நான்கு சுவருக்குள் நடக்கும் என்றும், முடிந்த பிறகு கட்டளைகளை வெளியிடுவதாகவும் கூகுள் சொல்லிற்று. ஜூன் மாதம் ஆண்ட்ராய்டு 16 வந்தபோது, பிக்சல் போன்களுக்கு உரிய சில விவரங்களை வழக்கம்போல வெளியிடவில்லை. ஆகஸ்டில் இன்னொரு அறிவிப்பு: செயலி எழுதுகிறவர்கள் எல்லோரும் தங்கள் பெயர், விவரங்களைக் கூகுளிடம் பதிவு செய்யவேண்டும், பதிவு செய்யாதவர்களின் செயலிகளை, அங்கீகாரம் பெற்ற போன்களில் போட முடியாதபடி படிப்படியாகத் தடுப்போம்.

மோசடிச் செயலிகளை ஒழிக்கவே இந்த ஏற்பாடு என்பது கூகுளின் வாதம். மோசடி நடப்பது உண்மைதான். ஆனால், திறந்த மூலச் செயலிகளை இலவசமாகக் கொடுக்கும் "எப்-டிராய்டு" குழுவினர் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்ப்பைக் கண்டு, விவரம் தெரிந்தவர்களுக்கு ஒரு தனி வழி விடுவதாக 2025 நவம்பரில் கூகுள் சொல்லிற்று.

கிணறு ஊருக்குப் பொதுதான். ஆனால், ராட்டினமும் கயிறும் ஒருவர் வீட்டில் இருக்கின்றன. அவர் கொடுக்கும் வரையில்தான் தண்ணீர். திறந்த ஆண்ட்ராய்டை நம்பி மடிக்கணினி செய்ய நினைப்பவர்களின் நிலைமை இதுதான்.

நம் நாட்டில்

இந்தியாவில் சட்டம் ஓரளவு முன்னே போயிருக்கிறது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி தொடர்ந்த வழக்கில், 2017-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறிற்று. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 9 நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023-ல் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின.

யந்திரத்திலும் ஒரு முயற்சி நடந்தது. நடந்த இடம் சென்னை! 2023-ம் ஆண்டு ஜனவரியில், சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த ஒரு கம்பெனி "பார் ஓ.எஸ்." என்ற செல்போன் இயங்குதளத்தைக் காட்டியது. இதுவும் ஆண்ட்ராய்டின் திறந்த பகுதியில் இருந்து வந்ததுதான். முன்கூட்டியே திணித்த செயலி ஒன்றும் அதில் கிடையாது. வேண்டியதைச் சொந்தக்காரரே போட்டுக்கொள்ளலாம். மத்திய மந்திரிகள் அதைப் பார்த்தார்கள். ஆனால், கட்டுப்பாடு அதிகம் தேவைப்படும் ஸ்தாபனங்களுக்கு என்றுதான் அதை முதலில் கொடுத்தார்கள். சாதாரண மக்கள் கடையில் கேட்டு வாங்கும் சரக்காக அது வரவில்லை.

செய்யும் திறமை நம்மிடமும் இருக்கிறது என்பது இதனால் தெரிகிறது. செயலிகள், பாங்கிகளின் சம்மதம், பல ஆண்டுத் திருத்தங்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் கடைக்கு வரும்.

அப்படியானால் வருமா?

வரும். ஆனால், நாம் எதிர்பார்க்கும் உருவத்தில் வராது என்றே தோன்றுகிறது.

திறந்த செல்போன் இயங்குதளத்தோடு, அந்தரங்கம் காக்கும் மடிக்கணினி என்று ஒரு பெட்டி கடை அலமாரியில் அடுக்கி விற்கப்படும் நாள் தூரத்தில் இருக்கிறது. வந்தாலும், முதலில் பத்திரிகை நிருபர்கள், வக்கீல்கள், சில கம்பெனிகள் வாங்கும் விலையில்தான் வரும்.

அதற்கு முன்னே வேறு ஒன்று வரும். செல்போனே மடிக்கணினியாகும்! 2025 செப்டம்பரில் வந்த ஆண்ட்ராய்டு 16-ன் திருத்தத்தில் இதற்கான வசதியைப் பரீட்சார்த்தமாகக் கொடுத்தார்கள். பிக்சல் 8 முதலான போன்களை ஒரு கம்பியால் பெரிய திரையோடு சேர்த்தால், கணினியைப் போலப் பல ஜன்னல்களைத் திறந்து வேலை செய்யலாம். ஒரு தட்டச்சுப் பலகையும் சேர்த்துவிட்டால் கடிதம் எழுதலாம், கணக்குப் பார்க்கலாம். 2011-ல் வேகம் போதாமல் விழுந்த யோசனை, இன்றைய சில்லுகளின் வேகத்தில் மறுபடியும் எழுந்திருக்கிறது. கிராபீன் போன்ற இயங்குதளங்களுக்கு மடிக்கணினிக்குள் நுழைய இதுதான் கிட்டத்து வழி. புது யந்திரம் செய்யவேண்டிய செலவு இல்லை.

இது நடக்குமா என்பதை மூன்று விஷயங்களைக் கவனித்துத் தெரிந்துகொள்ளலாம். கூகுள் தொடர்ந்து கட்டளைகளை வெளியிடுகிறதா? போன் கம்பெனிகள் பூட்டை மாற்ற அனுமதிக்கின்றனவா? பாங்கிகள் கூகுளின் முத்திரையைத் தவிர வேறு அத்தாட்சியையும் ஏற்றுக்கொள்ளுகின்றனவா? கடைசி இரண்டிலும் சர்க்கார் தலையிட இடம் உண்டு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றால், அதைக் காக்கும் போனை வைத்திருப்பவரை பாங்கி வாசலில் நிறுத்துவது நியாயமா என்று கேட்கவேண்டும்.

அதுவரை என்ன செய்யலாம்?

புதுக் கருவி வரும் வரையில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டியது இல்லை.

வீட்டில் ஒரே மடிக்கணினி இருந்தால், பெற்றோருக்கு ஒரு கணக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கணக்கும் தனித் தனியாகத் திறந்து வையுங்கள். பிள்ளைகள் போடும் விளையாட்டு நிரல், உங்கள் பாங்கிக் காகிதத்தைத் தொடுவதற்கு இது ஒரு தடுப்பு.

உபயோகிக்காத நிரல்களை எடுத்துவிடுங்கள். திருத்தங்கள் வந்தால் தள்ளிப்போடாமல் போடுங்கள். வேலை இல்லாத நேரத்தில் காமிராவின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டுங்கள். காசு செலவு இல்லை.

விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றுவிட்டன. பழைய மடிக்கணினி இருந்தால், தெரிந்தவரைக் கொண்டு லினக்ஸ் போட்டுப் பாருங்கள். அதற்கு விலை கிடையாது.

புதிதாக வாங்கப் போனால், கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எத்தனை ஆண்டுக்குத் திருத்தம் வரும்? காமிராவை அணைக்கச் சுவிட்சு உண்டா? வேறு இயங்குதளம் போட முடியுமா?

கடைக்காரருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். பரவாயில்லை. பத்துப் பேர் கேட்டால், அவர் கம்பெனியைக் கேட்பார். கேட்கிறவர்கள் அதிகமானால், கம்பெனியும் அப்படிப்பட்ட மடிக்கணினியைச் செய்துதான் ஆகவேண்டும்.